கடலடி வெள்ளைப் பாய்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிலி, பெரு நாடுகளை ஒட்டிய கடலடியில் வெள்ளையாகப் படர்ந்து வாழும் கந்தக பாக்டீரியாக்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கடலடியில் வெள்ளையாகப் படர்ந்திருப்பது பூஞ்சைதானே? பாக்டீரியா எப்படி வெறும் கண்ணுக்குத் தெரியும்?
(கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பாக்டீரியாவேதான். பெயர் தியோபிளோகா. செல்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு இழையாக நீளுவதால் கண்ணுக்குத் தெரிகிறது. சிலிக் கடலில் இரண்டு இனங்கள் அதிகம். தியோபிளோகா சிலியே என்பதன் இழை 12 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிமன். தியோபிளோகா அரௌக்கே 30 முதல் 43 மைக்ரோமீட்டர். ஓர் இழை சில சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பல இழைகள் சேர்ந்து வழவழப்பான ஒரே உறைக்குள் குடியிருக்கும். அந்த உறை சேற்றுக்குள் 10 சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கும். சேற்றை அள்ளி அலசினால் கையில் மிஞ்சுவது நூல் பிரிந்த கந்தைத் துணி மாதிரி ஒரு கற்றை. அங்குள்ள மீனவர்கள் வலையில் சிக்கும் இதை நெடுங்காலமாக அறிவார்கள். அறிவியல் உலகுக்கு இதைத் தெரியப்படுத்தியவர் சிலி நாட்டுக் கடலியலாளர் விக்டர் கல்யார்டோ. 1977-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்.

சிலியின் கான்செப்சியோன் நகரை ஒட்டிய கடலில் ஒரு சதுர மீட்டருக்கு 800 கிராம் ஈர எடை வரை அளந்திருக்கிறார்கள். அது உறையையும் சேர்த்த கணக்கு. எடையில் பெரும்பங்கு உறைக்கே போய்விடும், உயிருள்ள இழை அதில் ஒரு சிறு பகுதிதான். பாயின் அளவைப் பற்றிப் படிக்கும்போது, சொல்லப்பட்ட எடை உறையோடு சேர்த்ததா இல்லையா என்று பாருங்கள். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் கணக்கு பல மடங்கு பிசகும்.

வெள்ளை நிறத்துக்குக் காரணம் செல்லுக்குள் இருக்கும் கந்தக உருண்டைகள். ஒளியை நாலாபுறமும் சிதறடிப்பதால் மொத்தப் பாயும் வெள்ளையாகத் தெரிகிறது. பூஞ்சை இழை கிளை விடும், இடம்விட்டு நகராது. இது கிளை விடாது, ஊர்ந்து போகும்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடலில் வாழும் இந்த இனங்களை 2011-ல் மாரிதியோபிளோகா என்று தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளைத் தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

இவை ஹைட்ரஜன் சல்பைடைத் தின்று வாழ்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். கடலடியில் அவ்வளவு சல்பைடு எங்கிருந்து வருகிறது? எரிமலையா?
(ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

எரிமலைப் பிளவுகளை ஒட்டியும் வருவது உண்டு. கலிபோர்னியா வளைகுடாவில் குவாய்மாஸ் என்ற பள்ளத்தில், ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில், சூடான வண்டலின்மேல் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் பெக்கியாட்டோவா என்ற இன்னொரு கந்தக பாக்டீரியாவின் பாய்கள் படர்ந்திருக்கின்றன. ஆனால் சிலி, பெரு, நமீபியா கரைகளில் எரிமலைக்கு வேலையே இல்லை. அங்கே சல்பைடைத் தயாரிப்பவை வேறு பாக்டீரியாக்கள்.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. கரைந்த ஆக்சிஜனோ, நல்ல நீரிலேயே லிட்டருக்கு 6, 7 மில்லிகிராம்தான். சிலி, பெரு கரையோரம் ஓடும் ஹம்போல்ட் நீரோட்டத்தை ஒட்டி ஆழத்து நீர் மேலெழுவதால் மிதவைப் பாசி பெருகுகிறது. அது செத்து அடியில் விழுந்து அழுகும்போது, இருக்கிற கொஞ்ச ஆக்சிஜன் வண்டலின் மேல் சில மில்லிமீட்டருக்குள்ளேயே தீர்ந்துபோகிறது. சிலிக் கரையில் அடிநீரிலேயே ஆக்சிஜன் இல்லாத காலமும் உண்டு. அதற்குக் கீழே டெசல்ஃபோவிப்ரியோ, டெசல்ஃபோபாக்டர் போன்ற சல்பேட் ஒடுக்கிகளின் ராஜ்யம். நாம் ஆக்சிஜனைச் சுவாசிக்கிற மாதிரி அவை சல்பேட்டைச் சுவாசிக்கின்றன. கரிமப் பொருளில் இரண்டு கார்பன் அணு எரிந்தால் ஒரு மூலக்கூறு சல்பைடு வெளியேறும். கரையோர வண்டலில் சிதையும் கரிமப் பொருளில் ஏறத்தாழப் பாதி இந்த வழியில்தான் போகிறது என்று டென்மார்க்கின் போ பார்க்கர் யோர்கென்சன் 1982-ல் கணக்கிட்டுக் காட்டினார்.

வெளியேறிய சல்பைடில் ஒரு பகுதி இரும்போடு சேர்ந்து சேற்றைக் கறுப்பாக்கும். மிச்சம் மெல்ல மேலே கசியும். அதைப் பிடித்து முதலில் கந்தகமாகவும், பிறகு சல்பேட்டாகவும் மாற்றுவதுதான் வெள்ளைப் பாயின் பிழைப்பு. அந்த சல்பேட் மறுபடியும் கீழே இறங்கி ஒடுக்கிகளுக்கு மூச்சாகிறது.

சல்பைடை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் சல்பைடு இருக்காது. அப்படியானால் இவை எங்கே நின்று இரண்டையும் பெறுகின்றன?
(பொறியாளர், கோவை)

இந்தப் பாய்களின் வாழ்க்கை முழுவதுமே இந்த இடைவெளியைக் கடக்கும் முயற்சிதான். ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு வழி கண்டிருக்கிறது.

பெக்கியாட்டோவா இரண்டும் சந்திக்கும் கோட்டிலேயே போய் நிற்கிறது. யோர்கென்சனும் நீல்ஸ் பீட்டர் ரெவ்ஸ்பெக்கும் ஊசிபோல மெல்லிய அளவுகருவிகளான நுண்ணுணரிகளை இறக்கி அளந்தபோது, பாய்க்குள் ஆக்சிஜனும் சல்பைடும் ஒன்றாக இருக்கும் அடுக்கு 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. கடல்நீரில் இவை இரண்டும் தாமாக வினைபுரிய மணிக்கணக்காகும். பாய்க்குள் ஒரு நொடிகூட ஆவதில்லை. இழையின் நுனி ஆக்சிஜன் மிகுந்த பக்கம் போய்விட்டால் உடனே பின்வாங்கும், அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் மறுபடி மேலே வரும். இப்படிப் போய்ப்போய்த் திரும்புவதால்தான் பாய் அவ்வளவு மெல்லிய அடுக்காக நிலைக்கிறது.

தியோபிளோகாவுக்கு அந்த வசதி இல்லை. மேல்நீரில் ஆக்சிஜன் அற்றுப்போனாலும் நைட்ரேட் இருக்கும், ஆக்சிஜனுக்குப் பதில் அதைக் கொண்டு சல்பைடை எரிக்கலாம். சல்பைடோ பல சென்டிமீட்டர் கீழே. ஆகவே அது உறைக்குள்ளேயே மேலேறி, நுனியை நீருக்குள் நீட்டி நைட்ரேட்டை நிரப்பிக்கொண்டு, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பயணம் போகிறவர்களைப்போலக் கீழே இறங்குகிறது. செல்லின் நடுவில் இருக்கும் பெரிய நீர்ப்பையில் நைட்ரேட் செறிவு லிட்டருக்கு 500 மில்லிமோல் வரை போகும். வெளியே கடல்நீரில் இருப்பது சுமார் 25 மைக்ரோமோல். அதாவது 20,000 மடங்கு செறிவு. 1995-ல் இதை அளந்து வெளியிட்டார்கள். வேகம் மணிக்கு 3 முதல் 8 மில்லிமீட்டர். 5 சென்டிமீட்டர் இறங்க அரை நாள்கூட ஆகலாம்.

மூன்றாவது வழி, இருந்த இடத்திலேயே காத்திருப்பது. நமீபியக் கடலில் 1997-ல் ஹைடி ஷூல்ட்ஸ் கண்டுபிடித்த தியோமார்கரிட்டா நமீபியென்சிஸ் ஊராது. முத்து கோத்த மாதிரி சரமாகக் கிடக்கும். ஒரு செல் சாதாரணமாக 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர், பெரியது 0.75 மில்லிமீட்டர். செல்லின் பருமனில் நூற்றுக்கு 98 பங்கு நைட்ரேட் பை, அதில் செறிவு 800 மில்லிமோல் வரை. அங்குள்ள சேறு கூழாக, இளகலாக இருக்கும். அலையோ அடியிலிருந்து கிளம்பும் வாயுவோ சேற்றைக் கிளறும்போதுதான் இந்த செல்களுக்குப் புதுநீர் கிடைக்கிறது. அடுத்த கிளறல் எப்போது என்று தெரியாத இடத்தில் பெரிய பை வைத்திருப்பதுதான் பிழைக்கும் வழி. நைட்ரேட் எதுவும் சேர்க்காமல் குளிரில் வைத்திருந்த சேற்றில் 2 ஆண்டுக்குமேல் உயிரோடு இருந்திருக்கின்றன.

பாக்டீரியா மின்சாரம் கடத்துகிறது என்று படித்தேன். அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா?
(பத்தாம் வகுப்பு மாணவர், சேலம்)

ஆமாம், முந்தைய பதிலில் சொன்ன இடைவெளிக்கு நான்காவது விடை அதுதான். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் விரிகுடாச் சேற்றில், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் சல்பைடு மறைந்துபோவதைக் கவனித்த லார்ஸ் பீட்டர் நீல்சன் குழு, மின்னோட்டம் இருக்க வேண்டும் என்று 2010-ல் எழுதியது. 2012-ல் அந்தக் கம்பியே அகப்பட்டது. ஆயிரக்கணக்கான செல்கள் கோத்த, சென்டிமீட்டர் அளவு நீளும் இழை. கீழ்முனைச் செல்கள் சல்பைடிலிருந்து எலெக்ட்ரானை எடுக்கும். மேல்முனைச் செல்கள் அதை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கும். இழை நெடுக ஓடும் வரிமேடுகளில் உள்ள நார்கள்தான் கடத்திகள். பிறப்பால் இவை சல்பேட் ஒடுக்கிகளின் உறவு. குடும்பத் தொழிலைத் திருப்பிப்போட்டு சல்பைடை எரிக்கின்றன.

இவை இருக்கும் இடத்தில் நுண்ணுணரியில் ஒரு தனி அடையாளம் கிடைக்கும். ஆக்சிஜன் தீரும் மட்டத்தில் பி.எச். கூர்மையாக உயரும், அதற்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு அமிலத்தன்மை கூடும். அந்த அமிலம் கறுப்பு இரும்பு சல்பைடைக் கரைத்துவிடும். கரைந்த இரும்பு மேலே வந்து துருவாகப் படியும். நெதர்லாந்தின் கிரேவலிங்கன் ஏரியில் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் கம்பி பாக்டீரியாக்கள் இப்படிச் சேர்த்துவைக்கும் துரு அடுக்கு, கோடையில் ஆக்சிஜன் போனபிறகும் சல்பைடு நீருக்குள் வருவதைத் தள்ளிப்போடுகிறது. இலையுதிர்காலத்தில் அதே இடம் பெக்கியாட்டோவா வகையின் கைக்குப் போய்விடுகிறது. 2015-ல் வெளியான இந்த ஆய்வை ஆர்வமுள்ள மாணவர்கள் அவசியம் தேடிப் படிக்க வேண்டும். ஒரே சேற்றில் இரண்டு உத்திகளும் பருவத்துக்குப் பருவம் முறைவைத்து ஆள்வதை அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

'சேர்ந்து வாழ்கின்றன' என்பது உண்மையான கூட்டுறவா, பக்கத்துப் பக்கத்தில் இருப்பது மட்டும்தானா?
(ஆய்வு மாணவி, பரங்கிப்பேட்டை)

இரண்டும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே சொல்லால் கூட்டுவாழ்வு என்று எழுதிவிடுவது எங்களுக்கு உடன்பாடில்லை.

தியோபிளோகா உறைக்குள் மெல்லிய வேறு இழைகளும் இருக்கும். அவை டெசல்ஃபோனீமா வகைச் சல்பேட் ஒடுக்கிகள். ஒன்று விடும் சல்பைடு இன்னொன்றுக்கு உணவு, அது விடும் சல்பேட் முதலாவதற்கு மூச்சு. இருவருக்கும் ஆதாயம்தான். ஆனால் டெசல்ஃபோனீமா உறைக்கு வெளியே தனியாகவும் வாழும், தனியாக வளர்த்தும் இருக்கிறார்கள். இதை நெருக்கமான அண்டைவாழ்வு என்று சொன்னால் போதும்.

அடுத்தது இன்னும் சுவையானது. தியோபிளோகா தன் நைட்ரேட்டைப் பெரும்பாலும் அம்மோனியமாக்கி வெளியே விடுகிறது. இடையில் நைட்ரைட்டும் உண்டாகிறது. அம்மோனியமும் நைட்ரைட்டும் சேர்ந்தால் அது, இரண்டையும் ஆக்சிஜன் இல்லாமலே நைட்ரஜன் வாயுவாக மாற்றும் அனமாக்ஸ் பாக்டீரியாவின் முழுச் சாப்பாடு. மெக்சிகோவின் பாகா கலிபோர்னியா கரையில் தியோபிளோகாவை ஒட்டி அனமாக்ஸ் வாழ்வதையும், நைட்ரஜன் வாயுவாகக் கடலை விட்டுப் போவதற்கு இந்த ஜோடி காரணமாவதையும் 2013-ல் காட்டினார்கள். தியோபிளோகா தனியாக இருந்தால் நைட்ரஜன் அம்மோனியமாகக் கடலிலேயே தங்கும், அனமாக்ஸ் கூட இருந்தால் வாயுவாகப் போய்விடும். ஆகவே ஒரு பாயின் நைட்ரஜன் கணக்கைப் போடுகிறவர்கள் பெரிய இழையை மட்டும் எண்ணிவிட்டுப் போனால் விடை தலைகீழாகிவிடும்.

பிரிக்க முடியாத கூட்டுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமானால் மீத்தேன் கசியும் இடங்களுக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் கரைக்கு அப்பால் ஹைட்ரேட் ரிட்ஜ் என்ற இடத்தில், ஆர்க்கியா (பாக்டீரியா போலவே தெரியும், ஆனால் வேறு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்) செல்கள் நடுவில் உருண்டையாகத் திரண்டிருக்க, சல்பேட் ஒடுக்கிகள் சுற்றிலும் ஓடாக மூடியிருப்பதை ஆன்ட்யே போயட்டியஸ் குழு 2000-ல் வெளியிட்டது. நடுவிலுள்ளவை மீத்தேனை எரிக்கின்றன, சுற்றியுள்ளவை சல்பேட்டைச் சுவாசிக்கின்றன. கிடைக்கும் ஆற்றல் மிகவும் சொற்பம், அதையும் இரண்டு பேர் பங்கிட வேண்டும். அதனால் வளர்ச்சி ஆமை வேகம், செல் இரட்டிப்பாவதற்கே மாதக்கணக்கில் ஆகும். கருங்கடலில் கிரிமியாவுக்கு அப்பால், ஆக்சிஜனே இல்லாத ஆழத்தில், இந்த வகைக் கூட்டங்கள் 4 மீட்டர் உயரம் வரை கோபுரங்கள் எழுப்பியிருக்கின்றன. அதைத் தெரிவிக்கும் கட்டுரை 2002-ல் வந்தது.

ஆக்சிஜன் இருக்கும் கடலடியில், இந்தக் கூட்டம் விடும் சல்பைடின்மேல்தான் வெள்ளைப் பெக்கியாட்டோவா படர்கிறது. அதனால் நீர்மூழ்கிக் கேமராவில் வெள்ளைத் திட்டு கண்ணில் பட்டாலே கீழே மீத்தேன் கசிவு இருக்கக்கூடும் என்று மாதிரி எடுப்பார்கள். நம் பக்கத்தில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையிலும் மீத்தேன் கசிவுச் சூழலைக் கோவா தேசியக் கடலியல் கழகத்தினர் பதிவுசெய்திருக்கிறார்கள்.

ஆக்சிஜன் அறவே இல்லாத ஆழத்துச் சேற்றுநீரில் நைட்ரேட் அதிகமாக இருப்பதாகச் சில அட்டவணைகளில் பார்த்தேன். அது எப்படி முடியும்?
(அதே வாசகி)

பெரும்பாலும் அது சேற்றுநீரின் நைட்ரேட்டே இல்லை. உடைந்த செல்லின் நைட்ரேட். குழாயில் எடுத்த சேற்றைத் துண்டுபோட்டு, மையவிலக்கியில் சுழற்றியோ அழுத்திப் பிழிந்தோ நீரைப் பிரிக்கும்போது நைட்ரேட் பைகள் வெடிக்கின்றன. 500 மில்லிமோல் இருக்கும் ஒரு பை உடைந்தால் சுற்றியுள்ள நீரின் அளவு எங்கேயோ போய்விடும். சேற்றை உறையவைத்து உருக்கினாலும் இதே கதிதான்.

செய்ய வேண்டியது இது. மாதிரியைக் கிண்ணத்தால் வாரி எடுக்காமல், மேல்நீரும் கலங்காமல் வரும்படி மல்ட்டிகோரர் குழாயில் எடுங்கள். கடலடி வெப்பநிலையிலேயே இருட்டில் நிற்கவையுங்கள். நீரைப் பிழியாமல், நுண்துளைக் குச்சியால் மெல்ல உறிஞ்சுங்கள், அல்லது நைட்ரேட் நுண்ணுணரியை இறக்குங்கள். செல்லுக்குள் இருக்கும் அளவு தனியாக வேண்டுமென்றால் சிமிட்டாவால் இழைகளைப் பொறுக்கி, நைட்ரேட் இல்லாத உப்புநீரில் இரண்டு மூன்று முறை அலசி, குறுக்களவையும் நீளத்தையும் அளந்து பருமனைக் கணக்கிட்டு, பிறகு உறையவைத்து உடையுங்கள். அலசலை வெறும் நீரில் செய்யக்கூடாது. உப்பு வேறுபாட்டால் செல் அப்போதே வெடித்துவிடும்.

பள்ளியில் மாணவர்களுக்கு இந்தப் பாக்டீரியாவை வளர்த்துக் காட்ட முடியுமா? செலவு அதிகம் ஆகுமா?
(உயிரியல் ஆசிரியை, தூத்துக்குடி)

தியோபிளோகாவும் தியோமார்கரிட்டாவும் ஆய்வுக்கூடத்துக்கே எளிதில் வசப்படுவதில்லை. பெக்கியாட்டோவா வளரும். செலவு ஒரு கண்ணாடி ஜாடிக்குத்தான்.

முதலில் புல். ஐம்பது கிராம் காய்ந்த புல்லை 2, 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடியும் கொதிக்கவையுங்கள். வடிக்கும் நீரில் நிறம் இறங்குவது ஏறக்குறைய நிற்கும்வரை, நான்கைந்து முறை, இப்படிச் செய்து வெயிலில் காயவையுங்கள். இந்த வேலையைப் பாதியில் விடுவதால்தான் பெரும்பாலானவர்களுக்குப் பெக்கியாட்டோவா கிடைப்பதில்லை. புல்லில் கரையும் சர்க்கரை மிஞ்சியிருந்தால் நொதிக்கும் பாக்டீரியாக்கள் ஒரே நாளில் பெருகி, நீரைப் புளிக்கவைத்து, மற்றதை வளரவிடாது. நமக்கு வேண்டியது மெல்ல மெல்ல அழுகும் நார் மட்டும்.

ஒரு லிட்டர் அகலவாய்க் கண்ணாடி ஜாடியில் கழுவிக் காய்ந்த புல் 6 கிராம், கடல்நீர் 700 மில்லி. கடல்நீரை மெல்லிய துணியில் வடிகட்டினால் போதும். சேறு எடுக்கும் இடத்து நீரையே எடுத்துவருவது நல்லது, உப்பளவு பொருந்தும். உப்பங்கழி ஓரத்தில், மேல்தோலைச் சற்று விலக்கினால் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும் சேறுதான் வேண்டும். மேலேயுள்ள பழுப்பும் கீழேயுள்ள கறுப்பும் சந்திக்கும் மட்டத்தில் 50 மில்லி அள்ளி ஜாடியின் அடியில் விடுங்கள். குளத்துச் சேறு வைத்துச் செய்பவர்கள் ஒருநாள் திறந்துவைத்துக் குளோரின் போன குழாய்நீரை ஊற்றி, ஒரு கிராம் ஜிப்சம் தூள் போடுங்கள். நன்னீரில் சல்பேட் குறைவு என்பதால் இது தேவைப்படுகிறது. கடல்நீருக்கு வேண்டியதில்லை.

மூடியை லேசாக வைத்து, வெயில் படாத மூலையில், அறை வெப்பத்தில் விட்டுவிடுங்கள். ஜாடியைத் தூக்கவோ குலுக்கவோ கூடாது. ஏழாம் நாளிலிருந்து பாருங்கள். புல் துண்டுகளின்மேலும், நீர்மட்டத்தை ஒட்டிய கண்ணாடியிலும், முடியைவிட மெல்லிய வெள்ளை இழைகள் தெரியத் தொடங்கும். இரண்டு வாரத்துக்குள் வெள்ளைப் படலமாகிவிடும்.

கெட்டுப்போனால் காரணம் சுலபமாகத் தெரியும். ஜாடி முழுவதும் கறுத்து, வாடை தாங்காமல், வெள்ளை எதுவும் இல்லையென்றால் சேறு அதிகம், அல்லது மூடி இறுகிவிட்டது, ஆக்சிஜன் உள்ளே போகவில்லை. ஊதாவாகவோ பச்சையாகவோ மாறினால் வெளிச்சம் பட்டிருக்கிறது. சல்பைடை ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுத்தும் வேறு பாக்டீரியாக்களும் பாசியும் இடத்தைப் பிடித்துவிட்டன. வாடையே வராமல் நீர் தெளிவாக இருந்தால் சேற்றில் சல்பேட் ஒடுக்கிகள் போதவில்லை, இன்னும் கறுத்த இடத்துச் சேறு வேண்டும். வெள்ளை வந்து மறைந்துவிட்டால் யாரோ ஜாடியை அசைத்திருப்பார்கள். அடுக்கு கலைந்தால் பாயும் கலையும்.

இழையைத் துளிக்குழாயால் உறிஞ்சி, சில்லில் வைத்து, கண்ணாடித் தகடு மூடி, 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். விளிம்பு மின்னும் கரிய மணிகளாகக் கந்தக உருண்டைகள் தெரியும். இழை தன்போக்கில் வழுக்கிக்கொண்டு போகும், சட்டென்று நின்று எதிர்த்திசையில் திரும்பும். மாணவர்கள் இதை மறக்கவே மாட்டார்கள். இழைகள் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு பூவிதழாக விரிந்து, நகராமல் இருந்தால் அது தியோத்ரிக்ஸ், இன்னொரு கந்தக பாக்டீரியா.

இன்னும் ஒரு படி போகலாம். ஸ்ட்ராஸ்பர்க்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி செய்து 1887-ல் வெளியிட்ட சோதனை இது. சில இழைகளைச் சல்பைடு இல்லாத நீருக்கு மாற்றிவைத்தால், ஓரிரு நாளில் உருண்டைகள் கரைந்துபோகும். கந்தகத்தை எரித்து இவை வாழ்கின்றன என்று அவர் தெளிந்தது இதை வைத்துத்தான். நுண்ணோக்கி இருக்கும் எந்தப் பள்ளியிலும் செய்யலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். காற்றோட்டமான அறையில் ஒரே ஒரு ஜாடி. மூடியை இறுக்கக்கூடாது, வாயு திரண்டு கண்ணாடி உடையலாம். கறுத்த சேற்றில் அமிலம் ஊற்றவே கூடாது, சல்பைடு மொத்தமாக வாயுவாக வெளியேறும். வாடை குறைந்துவிட்டது என்று நம்பவும் கூடாது. பத்து லட்சத்துக்கு 100 பங்கு அளவில் ஹைட்ரஜன் சல்பைடு மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். கடையில் சோடியம் சல்பைடு வாங்கி வேலையைத் துரிதப்படுத்துவது பள்ளிக்கு ஏற்றதல்ல.

உலகிலேயே பெரிய பாக்டீரியா இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறதா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ஆம். கரீபியக் கடலின் குவாதலூப் தீவில், சதுப்புக்காட்டு நீரில் மூழ்கி அழுகும் இலைகளின்மேல் வளரும் தியோமார்கரிட்டா மேக்னிஃபிகா. 2022-ல் விவரித்தார்கள். ஒரு செல்லின் சராசரி நீளம் 1 சென்டிமீட்டர் அளவு, 2 சென்டிமீட்டர் வரையும் உண்டு. உள்ளே பெரும்பகுதி வெறும் நீர்ப்பை. உயிர்ச்சாறு மெல்லிய தோலாக ஓரத்தில் ஒட்டியிருக்கும். டி.என்.ஏ. சிறுசிறு சவ்வுப் பைகளில் செல் நெடுக இருக்கிறது.

இறால் குளத்தில் கரை ஓரமாகவும் தீவனத் தட்டுக்குக் கீழேயும் சேறு கறுத்து, அதன்மேல் வெள்ளைப் படலம் வருகிறது. சுரண்டி எடுத்துவிடலாமா? மருந்து ஏதாவது போட வேண்டுமா?
(இறால் வளர்ப்பவர், நாகப்பட்டினம்)

இழை இழையாக, தொட்டால் பிரிகிற வெள்ளைப் படலம் என்றால் அது பெக்கியாட்டோவா வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். அது உங்கள் இறாலுக்கு எதிரி இல்லை. கீழிருந்து வரும் சல்பைடை மேலே விடாமல் பிடித்து எரித்துக்கொண்டிருக்கிறது. சுரண்டினால் அந்தத் தடுப்பு போய்விடும், கீழே தேங்கிய சல்பைடும் நீரில் கலக்கும். படலம் சொல்லும் செய்தியைத்தான் கவனிக்க வேண்டும்: அந்த இடத்தில் தீவனமும் கழிவும் தேங்குகின்றன, ஆக்சிஜன் சேற்றின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. படலம் ஒருநாள் திடீரென்று மறைந்து கறுப்பு மட்டும் மிஞ்சினால் அதுதான் ஆபத்து. அடிநீரிலும் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

உடனே செய்ய வேண்டியது தீவனத்தைக் குறைத்து, தட்டில் மிச்சம் எவ்வளவு என்று பார்த்து ஏற்றுவது. தீவனம் போடும் இடமும் ஏரேட்டர் கழிவைக் கொண்டுவந்து குவிக்கும் இடமும் ஒன்றாக இருக்கக்கூடாது. ஆக்சிஜனை விடியற்காலையில், அடியிலிருந்து எடுத்த நீரில் அளந்து பாருங்கள். மேல்நீர் அளவு உங்களை ஏமாற்றிவிடும். பி.எச். இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். சல்பைடில் நஞ்சாக இருப்பது வாயு வடிவம். பி.எச். 8-ல் மொத்தச் சல்பைடில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் அந்த வடிவில் இருக்கும். 7-க்கு இறங்கினால் ஏறத்தாழப் பாதிக்கு வந்துவிடும், 6-ல் கிட்டத்தட்ட முழுவதும். சேற்றில் எந்த மாற்றமும் இல்லாமல், மழைநீர் சேர்ந்து பி.எச். இறங்கியதாலேயே இறால் தளர்ந்துபோவது இதனால்தான்.

சங்கிலி இழுத்து அடியைக் கிளறுவது கறுப்பு உருவாவதற்கு முன்னால் செய்கிற வேலை. கறுத்த பிறகு இறால் இருக்கும் குளத்தில் இழுத்தால் சல்பைடை நீங்களே நீருக்குள் கலந்துவிடுகிறீர்கள். குளத்தில் சல்பைடு தின்னும் பாக்டீரியா என்று புட்டியில் விற்பதை வாங்குவதற்கு முன், அந்த வேலைக்குத் தேவையான ஆக்சிஜன் அடியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சிஜனோ நைட்ரேட்டோ இல்லாமல் எந்தப் பாக்டீரியாவாலும் இருட்டில் சல்பைடை எரிக்க முடியாது. அறுவடைக்குப் பிறகு தண்ணீரை முழுக்க வடித்து, கறுத்த சேறு கனமாக இருக்கும் இடங்களில் வாரி எடுத்துவிட்டு, நிலம் வெடித்துப் பிளக்கும்வரை காயவிடுங்கள். வெடிப்பின் உள்பக்கம் ஒரு துண்டைப் பெயர்த்துப் பாருங்கள். கறுப்பு போய்ப் பழுப்பாகியிருந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது, தண்ணீர் விடலாம். உள்ளே இன்னும் கறுப்பு இருந்தால் ஒருமுறை உழுது மறுபடியும் காயவையுங்கள்.